குதிரைக் கழுத்தில் பத்தொன்பதாவது மணி

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று போன வாரம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் நான் வேலை பார்த்த வருவாய்த் துறையில் இப்போது உதவியாளர்கள். தலைப்பையும் தயாராகக் கொண்டு வந்திருந்தார்கள்: ‘மண்ணின் கலையும் மக்களும்’. அலுவலக வாசலில் புதிதாக ஒரு சுடுமண் குதிரை வைத்திருக்கிறார்களாம், அதற்குப் பொருத்தமாக இருக்குமாம். “நீங்க ஊர் ஊரா சுத்துனவங்க சார். நம்ம பக்கத்துக் குதிரை, பொம்மை இதப் பத்தியெல்லாம் இனிமையா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார் ஒருவர். சர்க்கரை நோயாளியிடம் வந்து இனிமை கேட்கிறார்.

குதிரையைப் பற்றி எழுதுகிறேன். இனிமைக்கு நான் பொறுப்பில்லை.

முப்பது வருடத்துக்கும் மேலாகத் தாலுகா அலுவலகங்களில் குப்பை கொட்டியவன் நான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அளவைச் சங்கிலி பிடித்தேன், புலப்படம் பார்க்கக் கற்றேன், அடங்கல் நகல் எடுத்தேன். எந்த வயலில் யார் என்ன பயிர் செய்தார் என்று கிராமக் கணக்குப்பிள்ளை எழுதி வைக்கும் ஏடுதான் அடங்கல். எனக்கு வாய்த்த கணக்குப்பிள்ளை ஊஞ்சலை விட்டு இறங்காமலே ஊர் முழுவதற்கும் அடங்கல் எழுதிவிடுவார். நான் புதிது அல்லவா, ஏட்டை எடுத்துக்கொண்டு வயல் வயலாகச் சரிபார்க்கப் போனேன். ஓர் எண்ணுக்கு நேரே ‘சம்பா, முழு விளைச்சல்’ என்று இருந்தது. போய்ப் பார்த்தால் அது குளம். நாலைந்து எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன. திரும்பி வந்து சொன்னேன். “தம்பி, நீங்க ஏன் அங்கல்லாம் போறீங்க?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். என் பயிற்சி அந்தக் கேள்வியோடு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

பிறகு ஆட்சி மாறியது. மேடைக்கு மேடை உழுபவனுக்கே நிலம் என்றார்கள். மிராசுதார்கள் நிலத்தை விடவில்லை, வேட்டிக் கரையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அதுவரை கதர் கட்டியவர் வீட்டுக் கொடியிலும் புதிய கட்சியின் கரை வேட்டி காய்ந்தது. கூலிக்காரர்களின் தெருவில் செங்கொடி, பெரிய வீடுகளின் வாசலில் போலீஸ் வேன், அறுவடை வந்தால் எந்த ஊரில் என்ன நடக்குமோ என்ற பயம். இதற்கு நடுவில்தான் குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. யார் குத்தகைக்கு உழுகிறாரோ அவர் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவரை லேசில் வெளியேற்ற முடியாது. எனவே பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் மிராசுதார்களின் முழுநேர விவசாயமாக இருந்தது.

அந்தப் பதிவு வேலைக்கென்று போட்ட தனித் தாசில்தாரிடம் நான் எழுத்தர். அவர் பெயர் சந்தானம். குரல் உயர்த்தியே பார்த்ததில்லை. எந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்பும் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்காருவார், எழுந்ததும் நாலாக மடித்துப் பையில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டுதான் உத்தரவு சொல்லுவார். எதிரே ஆள் அழுதாலும் தெரியக் கூடாதென்று அந்த ஏற்பாடோ என்னவோ. “எழுத்துல இருக்கறதுதான்யா இருக்கு. மத்ததெல்லாம் பேச்சு” என்பது அவருடைய வேதம். லஞ்சம் வாங்கமாட்டார். அதை அவரே அடிக்கடி சொல்லுவார். ஒரு மனிதர் லஞ்சம் வாங்காமலே இவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

விசாரணை நடக்கும் முறையை இப்போதைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஊரில் தண்டோரா போட்டு, சாவடியில் அறிவிப்பு ஒட்டி, குறித்த நாளில் டவாலி அணிந்த சேவகர் வாசலில் நின்று மனுதாரரை மூன்று முறை கூப்பிடுவார். வாக்குமூலத்தை நான் எழுதுவேன். எழுதியதை வாசித்துக் காட்டி, ‘படிக்கக் கேட்டேன், சரி’ என்று அடியில் போட்டு, கையெழுத்துத் தெரியாதவர்களின் இடது பெருவிரலை மைப்பலகையில் உருட்டி ரேகை எடுப்பேன். ரேகை தேயக் கூடாது. தேய்ந்தால் சந்தானம் கண்ணைத் திறப்பார்.

அப்படி ஒரு நாள் ரேகை வைத்தவர் அஞ்சலை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடைப் பக்கத்து ஊர். நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை. அவர் இருந்தவரை அவரும், போனபின் தானுமாக மூன்று மா நிலத்தை, சுமார் ஓர் ஏக்கரை, குத்தகைக்கு உழுவதாக மனு. நிலத்துக்குரிய மிராசுதார் ராஜமாணிக்கம், “அந்தப் பொம்பள எங்க பண்ணையில கூலிக்கு வர்ற ஆளு. குத்தகையாவது ஒண்ணாவது” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். களத்திலேயே குத்தகை நெல்லை அளந்துகொண்டு போவார்கள். ரசீது கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டுக்குக் கிடையாது. அடங்கலைப் பார்த்தால் அந்த வயலுக்கு நேரே ‘சொந்தப் பண்ணை’ என்று இருந்தது. ஊஞ்சலில் எழுதியதாகத்தான் இருக்கும்.

“ஏம்மா, நீதான் உழுதேங்கறதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று சந்தானம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“எழுத்துல இல்லீங்க எசமான். குதிரையில இருக்கு.”

டவாலி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அஞ்சலை சிரிக்கவில்லை.

“எங்கூரு அய்யனார் குதிரையில என் விரலு இருக்குங்க. வந்து பாருங்க.”

பார்த்துத்தான் ஆகவேண்டும், தல விசாரணை சட்டத்தில் இருக்கிறது. மறுவாரம் ஜீப்பில் போனோம். சந்தானம் அன்று வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். வாய்க்கால் கரையோடு பாதை முடிந்தது. அதற்குமேல் வரப்பு. ஷூவைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். “நீ போய்ப் பாத்துட்டு வாய்யா. நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்” என்றார். நிலத்தில் கால் படாமல் நில விசாரணை முடிக்கும் வித்தையை இங்கிலீஷ்காரன்கூட அறிந்திருக்கமாட்டான்.

நான் அஞ்சலையோடு போனேன். மிராசுதாரின் காரியஸ்தரும் பின்னால் வந்தார். குளக்கரையில் அய்யனார் கோயில், அதன்முன் வரிசையாகக் குதிரைகள். பழையவை மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து மேடாகிக் கிடந்தன. கடைசியில் ஒன்றுமட்டும் முழுசாக, இடுப்பளவு உயரத்தில் நின்றது. அதைச் செய்த சோலை வேளாரும் வந்திருந்தார். குட்டையான, கறாரான மனிதர். நான் குதிரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“மூஞ்சியில என்னங்க இருக்கு? கழுத்தப் பாருங்க.”

கழுத்தைச் சுற்றி மண்மணிகள். எண்ணினேன், இருபத்து மூன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஒரு பக்கம் நல்ல சிவப்பாகத் தொடங்கி, போகப்போகக் கறுத்து, மறுபக்கம் வெளுத்துப் போயிருந்தன. ஒவ்வொரு மணியின் நடுவிலும் ஒரு பள்ளம்.

வேளார் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, சித்திரையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது குதிரை செய்வார்கள். பயிர் செய்கிற ஒவ்வொருவரும் தன் வயலின் மடைவாயில், அதாவது வாய்க்காலிலிருந்து தண்ணீர் உள்ளே இறங்கும் இடத்தில், ஒரு பிடி மண் எடுத்து வரவேண்டும். அந்த மண்ணில் வேளார் ஒரு மணி பிடித்துக் கொடுப்பார். கொண்டுவந்தவர் அதை வலது கையில் ஏந்தி இடது பெருவிரலால் அழுத்தித் தரவேண்டும். வாய்க்காலில் எந்த வரிசையில் தண்ணீர் முறை வருகிறதோ அதே வரிசையில் மணிகளைக் குதிரையின் கழுத்தில் ஒட்டுவார். தலைமடை மண் சுட்டால் சிவக்கும். கடைமடை உவர்மண் வெளுக்கும். சூளையில் வைத்தபின் யாரும் எதையும் மாற்ற முடியாது. நிறுத்திய குதிரையை இடம் பெயர்க்கவும் கூடாது. மழை உதிர்க்கலாம், மனிதன் தொடக் கூடாது.

“நிலத்துக்காரரு மண்ணு கொண்டாந்து குடுத்தா?” என்று கேட்டேன்.

“வாங்க மாட்டேங்க. பட்டா யாரு பேருல இருக்குன்னு அய்யனாருக்கு என்னத்துக்கு? மட தொறந்து தண்ணி விட்டது யாருன்னுதான் அவருக்குக் கணக்கு.”

அஞ்சலை பத்தொன்பதாவது மணியைத் தொட்டுக் காட்டினார். குனிந்து பார்த்தேன். சாம்பல் வெளுப்பு. பள்ளத்தில் ரேகை தெளிவாக இருந்தது, ஊடே குறுக்காக ஒரு கோடு. எனக்கு அந்தக் கோடு தெரியும். கதிர் அறுக்கும்போது இடது பெருவிரலில் அரிவாள் பட்ட தழும்பு அது. போன வாரம் நான் மையில் உருட்டி எடுத்த ரேகையிலும் அதே கோடு, அதே சாய்வில் இருந்தது. பையிலிருந்த வாக்குமூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. எங்கள் அலுவலகம் முழுவதிலும் அவ்வளவு ஒழுங்கான பதிவேடு ஒன்று கிடையாது. இருபத்து மூன்று பேர், நிலத்தின் வரிசை, மண்ணின் வகை, ரேகை, எல்லாம் ஒரு கழுத்தில். அதை எழுதியவர்களில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. எனக்குச் சிலிர்த்துவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஓட்டமும் நடையுமாக ஜீப்புக்கு வந்து விவரம் சொன்னேன். சந்தானம் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணை மூடினார்.

“மண்ணு குதிர வந்து சாட்சி சொல்லுமாய்யா? நாளைக்கு மேல ஆபீசுல கேட்டா நான் என்ன சொல்றது? எழுதிக்க. ‘கோயில் முன்பு சுடுமண் குதிரை ஒன்று உள்ளது. அதன் கழுத்தில் அலங்கார மணிகள் காணப்படுகின்றன.’ அவ்வளவுதான்.”

“சார், ரேகை இருக்கு சார். நான் கண்ணால பாத்தேன்.”

“நீ ரேகை நிபுணனா? அலங்காரம்னு போடு.”

போட்டேன். அழகான கையெழுத்து எனக்கு. ஆய்வுக் குறிப்பின் அடியில் இருவரும் கையொப்பம் இட்டோம். பத்து நாளில் மனு தள்ளுபடியானது. எழுத்து மூலமான ஆதாரம் இல்லையாம்.

அஞ்சலை கோட்ட அதிகாரிக்கு மேல்முறையீடு செய்தார். அது விசாரணைக்கு வருவதற்குள் ராஜமாணிக்கத்துக்குத் திடீரென்று கலை ஆர்வம் வந்துவிட்டது. குளக்கரையில் வேளார் சொன்னதைக் காரியஸ்தர் ஒரு சொல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். கோயிலுக்கு அறங்காவலர் மிராசுதார்தான். நகரத்தில் அப்போது புதிதாக ஒரு கிராமியக் கலைக்கூடம் திறந்திருந்தார்கள். அதற்கு அந்தக் குதிரையை நன்கொடையாகத் தருவதாக எழுதிவிட்டார்.

குதிரையை ஏற்றிப் போக ஒரு விழா. நாற்காலி போடுவதற்கு எங்கள் அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். சென்னையிலிருந்து ஒரு கலை அதிகாரி வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். “மண்ணுக்கும் மனிதனுக்கும் உள்ள பிணைப்பின் உன்னத வெளிப்பாடு இது” என்று முக்கால் மணி நேரம் பேசினார். அந்த மனிதர்கள் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிறுத்தப்பட்டிருந்தார்கள். பேச்சில் ஓரிடத்திலாவது அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, இது என்னப்பா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பிணைப்பு அறுந்துவிடும் போலிருக்கிறது. ராஜமாணிக்கத்துக்கு மாலை போட்டு, கலைக் காவலர் என்று பட்டமும் கொடுத்தார்கள். வைக்கோல் பரப்பிய லாரியில் குதிரை ஏறியது. அஞ்சலை என் பக்கத்தில் வந்து நின்று, “எங்க வச்சாலும் வெரலு அழியாதுல்லீங்க?” என்று கேட்டார். அழியாது என்றேன். அதுமட்டும் அன்று மனதார நம்பிச் சொன்னேன்.

மேல்முறையீட்டைக் கேட்ட கோட்ட அதிகாரி இளைஞர், நல்ல மனிதர். வேளாரின் சாட்சியத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குதிரையையே பார்த்துவிடுவோம் என்றார். கலைக்கூடத்துக்கு எல்லோரும் போனோம். அஞ்சலை, வேளார், மிராசுதாரின் வக்கீல், சந்தானம், கோப்போடு நான்.

குதிரை ஒரு மேடைமேல் நின்றது. முதலில் அடையாளமே தெரியவில்லை. உடம்பெல்லாம் வார்னிஷ். சேணத்துக்கு நீலம், கடிவாளத்துக்கு மஞ்சள். மணிகள் இருபத்து மூன்றும் ஒரே காவி நிறத்தில், உருண்டையாக, வழவழவென்று இருந்தன. பள்ளங்களைக் காணோம்.

“சூளையில விழுந்த குறைகள் நிறைய இருந்துச்சு. ஒவ்வொரு மணியிலயும் ஒரு பள்ளம். எல்லாத்தையும் சிமெண்டு கலவை வச்சு அடைச்சுட்டோம்” என்றார் கலை அதிகாரி. ஒரு வாரம் தாமே உடனிருந்து பார்த்துக்கொண்டாராம். பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அஞ்சலை மேடையருகே போய்ப் பத்தொன்பதாவது மணியைத் தேடி விரலை வைத்தார். “தொடாதீங்கம்மா” என்றார் காவலாள்.

“உள்ள இருக்குங்கய்யா. பேத்துப் பாருங்க” என்றார் அஞ்சலை, கோட்ட அதிகாரியிடம்.

பெயர்த்தால் மணி உடையலாம், அரசுச் சொத்து, பொறுப்பு யார் ஏற்பது என்று கலை அதிகாரி பதறினார். வக்கீல் சட்டம் பேசினார். கோட்ட அதிகாரி கோப்பை வாங்கி ஆய்வுக் குறிப்பைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுல அலங்கார மணிகள்னுதான் இருக்கு. எழுதினது நீங்கதானே? அன்னிக்கு நேர்ல பாத்தவரும் நீங்கதான். ரேகை இருந்துச்சுன்னு நீங்க சொன்னா, பேத்துப் பாக்கச் சொல்லி இப்பவே உத்தரவு போடறேன். சொல்லுங்க, இருந்துச்சா?”

இவ்வளவு தெளிவாக ஒரு கேள்வி என் பணிக்காலத்தில் வேறு எப்போதும் என்னிடம் கேட்கப்படவில்லை. இருந்தது என்றால் பொய்யான குறிப்பில் கையெழுத்துப் போட்டேன் என்று ஆகும். துணைத் தாசில்தார் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது. என் பெயர் அதில் இருந்தது, பரிந்துரை சந்தானத்துடையது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமே இல்லாத பார்வை. நான் பார்த்ததை அவர் பார்த்திருந்தார், அதனால் என்மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

“சரியா ஞாபகம் இல்லைங்க சார்” என்றேன்.

இதுவரை கணக்குப்பிள்ளையை, சந்தானத்தை, சங்கிலிக் கண்ணாடிக்காரரை எல்லாம் ஏளனம் செய்துகொண்டு வந்தேன். அவர்களுக்காவது அறியாமை என்று ஒரு சமாதானம் உண்டு. கணக்குப்பிள்ளை வயலைப் பார்க்கவில்லை, சந்தானம் ஜீப்பை விட்டு இறங்கவில்லை, கலை அதிகாரிக்குப் பள்ளம் குறையாகத் தெரிந்தது. பார்த்தவன், புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். என்னைவிடக் கேவலமானவன் அந்த அறையில் இல்லை.

மேல்முறையீடு தள்ளுபடி. அந்தக் குறுவைக்கே மூன்று மாவும் ராஜமாணிக்கத்தின் கைக்குப் போயிற்று. என் பெயர் பட்டியலில் வந்தது.

அடுத்த குதிரை செய்கிற சித்திரையில், வாய்க்கால் ஆக்கிரமிப்பு ஒன்றைப் பார்க்கத் துணைத் தாசில்தாராக அந்த ஊருக்கே போக நேர்ந்தது. குளக்கரையில் புதுக்குதிரை நின்றது. போகாமல் இருந்திருக்கலாம், கால் தானாகப் போயிற்று. கழுத்தைப் பார்த்தேன். இருபத்து மூன்று மணிகள், எல்லாம் ஒரே சிவப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு தாமரை.

“அந்தக் கல ஆபீசரு அச்சு குடுத்தனுப்புனாருங்க. பாக்க லட்சணமா இருக்கும்னாரு” என்றார் வேளார், என் முகத்தைப் பார்க்காமல். “மிராசுதாரும் இதுதான் வேணும்னுட்டாரு. வெரல் வைக்கிறேன்னு எவனாவது வந்தா அடுத்த போகத்துக்கு அவனுக்கு வயலு இல்லன்னுட்டாரு. ஒருத்தனும் மண்ணு கொண்டாரலீங்க. நானே ஒரே எடத்துல வெட்டிச் செஞ்சுட்டேன்.”

குளத்தில் தூர் எடுத்துக்கொண்டிருந்த கூலிப்பெண்களில் ஒருவர் மண்கூடையை இறக்கிவிட்டுக் கரையேறி வந்தார். அஞ்சலை. தலைச்சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்று, அவரும் சற்று நேரம் குதிரையைப் பார்த்தார்.

“அஞ்சலை, அன்னிக்கு நான்...” என்று தொடங்கினேன்.

“அத வுடுங்கய்யா” என்றார். குரலில் குத்தலோ கோபமோ இல்லை. சங்கடப்படும் மனிதனைத் தேற்றுவது போலத்தான் சொன்னார். “அன்னிக்கு நீங்க எழுதுனது பொய்யின்னு இனிமே ஒருத்தரும் சொல்ல முடியாது. இப்ப அது அலங்காரந்தானுங்களே.”